திருமணக் காணொளியும் கணிப்பொறியின் ‘முறை’யும்

ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் என நீளும் நம் எல்லைப் பகுதியில் நான்கு மொழிகள் நாள்தோறும் புழங்குகின்றன. தமிழ் இல்லத்துத் திருமணம், தெலுங்கு இல்லத்து நிச்சயதார்த்தம், கன்னடம் பேசுவோர் வீட்டுப் புதுமனை புகுவிழா, உருது பேசும் நம் குடும்பத்து வலீமா விருந்து ஆகிய அனைத்தையும் ஒரே வாரத்தில் படம் பிடித்து, அந்தந்த மொழிப் பாடலைக் கோத்து, காணொளியாக்கித் தரும் இளைஞர் இங்குப் பலர். அவருள் நம் மாணவரும் உளர். பகலில் வகுப்பு, மாலையில் படப்பிடிப்பு, இரவில் எடிட்டிங் என உழைத்துத் தம் கல்விக் கட்டணத்தைத் தாமே ஈட்டும் அப்பிள்ளைகளைக் குறித்து நாம் பெருமிதம் கொள்கிறோம்.

இவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருப்பதைப் பலகாலும் கேட்டிருக்கிறோம். ‘ரெண்டர் போடும்போது பிரையாரிட்டியை ஏற்றிவிட்டால் வேலை சீக்கிரம் முடியும்’ என்பதே அது. இந்நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தாது என்பதும், உயர்முன்னுரிமைக்கு உரிய இடம் வேறொன்று என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படும்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று பெரியோர் வினவலாம். செய்தி சிறிதாகத் தோன்றினும் விளைவு சிறிதன்று. முன்னுரிமையை ஏற்றியும் வேலை விரைவுறாதபோது, ‘கணிப்பொறி பழையதாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்’ என்று மாணவர் முடிவுகட்டுகின்றனர். கையில் பணம் இராது. மணவீட்டாருக்குக் கொடுத்த நாளோ நெருங்கும். வட்டியை விலக்கிய மார்க்கத்தில் பிறந்த பிள்ளை வட்டிக்கடையின் வாயிலில் நிற்க நேர்வது இவ்வாறுதான். பழுது எங்கே என அறியாமையால் வரும் கடன், அறிந்தால் தவிர்க்கத்தக்க கடனன்றோ? மேலும், இப்பொருளின் நடுவே ஒரு தமிழ்ச்சொல் அமர்ந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

ரெண்டரிங் என்பது யாது?

நம் நாட்டுக் காணொளி பெரும்பாலும் நொடிக்கு 25 பிரேம்கள் கொண்டது. ஆதலின் ஒரு மணிநேரக் காணொளியில் 90,000 படங்கள் உள்ளன. ஒவ்வொரு படமும் 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமும் கொண்டதெனில், ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளியின் நிறத்திற்கு மூன்று பைட் எனக் கொண்டால் ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ 560 ஜிகாபைட் ஆகும். இதனை அப்படியே பெண் வீட்டாரிடம் கொடுக்க இயலாது. எனவே சுருக்க வேண்டும். எச்.264 என்னும் 2003ஆம் ஆண்டுத் தரமுறையில் நொடிக்கு 10 மெகாபிட் என்னும் அளவில் சுருக்கினால் அதே ஒரு மணிநேரம் நாலரை ஜிகாபைட்டில் அடங்கிவிடும்.

இச்சுருக்கம் எவ்வாறு நிகழ்கிறது? முந்தைய படத்தில் மணமகனின் மாலை எங்கிருந்தது, இப்படத்தில் எவ்வளவு நகர்ந்தது, பின்னணிச் சுவர் மாறியதா இல்லையா என்று கணிப்பொறி ஒவ்வொரு படத்தையும் சிறு கட்டங்களாகப் பிரித்துத் தேடுகிறது. மாறாததை மீண்டும் எழுதாமல், மாறியதை மட்டும் எழுதுகிறது. இத்தேடலே பெருஞ்சுமை. இதற்கு முன்னதாக, எடிட்டிங்கில் நாம் இட்ட நிறத்திருத்தம், எழுத்து, மலர் தூவும் அலங்காரம் ஆகியனவற்றையும் படந்தோறும் வரைய வேண்டும். ஒரு படத்திற்குப் பத்தில் ஒரு நொடி ஆகுமெனில் 90,000 படங்களுக்கு 9,000 நொடி, அதாவது இரண்டரை மணிநேரம் ஆகும். படப்பெட்டியில் பதிவான காட்சிகளை இவ்வாறு வரைந்து, சுருக்கி, ஒரே கோப்பாக ஆக்குவதே ரெண்டரிங்.

முறை என்னும் சொல்

இவ்விரண்டரை மணிநேரமும் கணிப்பொறி இதனை மட்டும் செய்துகொண்டிருப்பதில்லை. சுட்டி நகர்கிறது, கடிகாரம் ஓடுகிறது, வைரஸ் தடுப்பு நிரல் கோப்புகளைத் துழாவுகிறது, பிரவுசர் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கிறது. இவை அனைத்தும் மையச் செயலகத்தை வேண்டி நிற்கின்றன. யாருக்கு எப்போது இடம் என்று வகுப்பது இயக்க அமைப்பின் பணி.

இங்கேதான் நம் சொல் வருகிறது. தமிழில் ‘முறை’ என்றால் ஒழுங்கு. ‘என் முறை’ என்றால் எனக்குரிய வாய்ப்பு. ‘முறைசெய்தல்’ என்றால் நீதி வழங்கல். ‘மாமன் முறை’ என்றால் உறவு. வரிசையும் வாய்ப்பும் நீதியும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எண்ணத்தக்கது. இயக்க அமைப்பு செய்வதும் இம்மூன்றையுமே. பணிகளை வரிசைப்படுத்துகிறது, ஒவ்வொன்றுக்கும் அதன் வாய்ப்பைத் தருகிறது, எப்பணியும் பட்டினி கிடவாமல் காக்க முயல்கிறது.

வரிசைமுறைகளுள் எளியது முன்வந்தோர்க்கு முன்னிடம் என்பது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அணிவகுக்கும்போது நாம் காண்பது இதுவே. முன்வந்தவர் முன்வரிசையில் நிற்பார், செல்வரோ எளியரோ வேறுபாடில்லை. ஆனால் கணிப்பொறியில் இம்முறை ஒன்றே போதாது. இரண்டரை மணிநேர வேலை ஒன்று முன்னே வந்து அமர்ந்துவிட்டால், ஓர் எழுத்தைத் தட்டியவர் அத்தனை நேரமும் காத்திருக்க வேண்டுமே! இதற்குத் தீர்வாக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961ஆம் ஆண்டு ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழுவினர் நேரப் பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். இப்பணிக்காக அவருக்கு 1990ஆம் ஆண்டு டூரிங் விருது வழங்கப்பட்டது. ஒவ்வொரு பணிக்கும் சிறு துளி நேரம். துளி முடிந்ததும் அடுத்ததன் முறை. அவர்கள் அமைப்பில் நீண்டு ஓடும் பணி தானே கீழ்வரிசைக்கு இறங்கும். குறும்பணிகள் மேல்வரிசையில் நின்று உடனுக்குடன் விடைபெறும். நெடும்பணி கீழே, குறும்பணி மேலே என்னும் அவ்வொழுங்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. நம் இளைஞர் செய்வது இதன் தலைகீழ்.

(இத்தகைய வழிமுறைகளை ‘அல்காரிதம்’ என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரின் அறிவு மன்றத்தில் விளங்கிய கணித அறிஞர் அல்-குவாரிஸ்மியின் பெயரே இலத்தீன் வழியாக இச்சொல்லாயிற்று என்பதை நம் மாணவர் மறவாதிருத்தல் நலம்.)

சோதனைச்சாவடி காட்டும் உண்மை

2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி நடைமுறைக்கு வருமுன், ஜூஜூவாடிச் சோதனைச்சாவடியில் லாரிகள் நின்ற நிலையை நம் பெரியோர் அறிவர். அவ்வரிசையில் ஒரு லாரிக்கு மட்டும் முன்செல்ல இசைவு கிடைத்தால் அது விரைவில் அத்திப்பள்ளியைக் கடந்துவிடும். ஏன்? அதன் எஞ்சின் வலுப்பெற்றதாலா? அன்று. முன்னே நின்றவை ஒதுங்கியதால். நள்ளிரவில் சாலை வெறிச்சோடிக் கிடக்கையில் அதே இசைவுச்சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் லாரி ஒரே வேகத்தில்தான் செல்லும். முன்னுரிமை என்பது வரிசையில் இடமேயன்றி எஞ்சினின் வலிமையன்று.

கணிப்பொறியிலும் அவ்வாறே. ரெண்டரிங்குக்கு மையச் செயலகத்தின் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு முன்னரே கிடைத்துக்கொண்டிருக்கிறது என்று கொள்வோம். மீதிப் பத்துப் பங்கையும் பறித்துக் கொடுத்தாலும் 100 நிமிட வேலை 90 நிமிடமாகும். அதற்குமேல் குறைய வழியில்லை. தொண்ணூற்றொன்பது பங்கு கிடைத்துக்கொண்டிருந்தால் மிச்சமாவது ஒரே நிமிடம். அந்தப் பத்துப் பங்கை உண்ட பிரவுசரை மூடிவிட்டால் முன்னுரிமையைத் தொடாமலே அதே பயன் கிட்டும் என்பதையும் நோக்குக.

விண்டோஸில் பணிகளுக்கு 0 முதல் 31 வரை படிநிலைகள் உண்டு. நாம் தேர்ந்தெடுக்கும் வகைகள் ஆறு: லோ என்பதன் அடிப்படை எண் 4, பிலோ நார்மல் 6, நார்மல் 8, அபவ் நார்மல் 10, ஹை 13, ரியல்டைம் 24. மேற்படியில் உள்ள பணி ஆயத்தமாக நின்றால் கீழ்ப்படியில் உள்ளது விலகி வழிவிட வேண்டும் என்பதே விதி. மேலே எவரும் ஆயத்தமாக இல்லையெனில் 4ஆம் படியில் உள்ள பணிக்கும் செயலகம் முழுமையும் கிடைக்கும்.

லினக்ஸில் அணுகுமுறை சற்று வேறு. அங்கு இவ்வெண்ணுக்கு ‘நைஸ்’ என்று பெயரிட்டுள்ளனர். -20 முதல் 19 வரை செல்லும் அவ்வெண் கூடக் கூடப் பணி பிறருக்கு அதிகம் விட்டுக்கொடுக்கிறது என்று பொருள். தமிழில் ‘இங்கிதம்’ என்றே கூறலாம்! எண் 0 உடைய பணிக்கு 1024 என்றும், 5 உடைய பணிக்கு 335 என்றும் எடை வகுத்துள்ளனர். ஆகவே இரண்டும் ஒரே கோரில் போட்டியிட்டால் முன்னதற்கு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கும் பின்னதற்கு ஒரு பங்கும் சேரும். எவரும் தம் பணியின் இங்கிதத்தைக் கூட்டிக்கொள்ளலாம். குறைக்க வேண்டுமெனில் நிருவாகியின் இசைவு வேண்டும். பிறர்க்கு வழிவிட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முந்திச் செல்லத்தான் கேட்க வேண்டும். இவ்விதியை வகுத்தவர்க்கு நம் பாராட்டு உரியது.

ரியல்டைம் என்னும் இடர்

சில மாணவர் ரெண்டரிங்கை ரியல்டைம் வகைக்கே ஏற்றிவிடுகின்றனர். பெரியபுராணத்தில் மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சிமணி தொங்கிற்று. பசுவும் அடிக்கலாம், மன்னன் செவிசாய்ப்பான். கணிப்பொறியில் விசைப்பலகையும் சுட்டியும் இம்மணியைப் போன்றவை. ரியல்டைமில் ஏறிய பணி எல்லாக் கோர்களையும் நிறைத்துக்கொண்டால் மணி ஒலித்தும் ஏவலர்க்கு முறை கிட்டாது. சுட்டி நகராது, திரை உறையும். ரெண்டரிங்கை நிறுத்தவும் இயலாமல் மின்விசையை அணைக்க நேரும். அதுவரை ஆன வேலையும் போகும். வட்டிலிருந்து கோப்பைப் படித்துத் தரும் துணைப்பணிகளையே ரெண்டரிங் தள்ளிவிட்டு, பின்பு அவற்றுக்காகத் தானே காத்திருக்கும் வேடிக்கையும் உண்டு.

முன்னுரிமைச் சிக்கல் வல்லுநரையும் விட்டதில்லை. 1997 ஜூலை 4 அன்று செவ்வாய்க் கோளில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி அடிக்கடி தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தரவு திரட்டும் கீழ்ப்படிப் பணி ஒன்று ஒரு பொதுவளத்தைப் பிடித்திருந்தது. அவ்வளத்துக்காக மேற்படிப் பணி காத்திருந்தது. இடைப்படிப் பணிகளோ கீழ்ப்படியைத் தள்ளிவிட்டு ஓடின. கீழோன் விடாமல் மேலோன் நகர முடியாது. இடையோன் விலகாமல் கீழோன் முடிக்க முடியாது. குறித்த காலத்தில் வேலை முடியாமை கண்ட காவல் நிரல் கணிப்பொறியை மறுபடி தொடக்கிவிட்டது. மேலோன் காத்திருக்கும் வரை அவனது முன்னுரிமையைக் கீழோன் கடனாகப் பெறும் வசதி அம்மென்பொருளில் முன்பே இருந்தது. புவியிலிருந்து ஆணை அனுப்பி அதனை இயக்கிச் சிக்கலைத் தீர்த்தனர்.

உயர்முன்னுரிமைக்கு உரிய இடம்

அவ்வாறாயின் உயர்முன்னுரிமை எதற்கு? விரைவு வேண்டும் பணிக்கன்று, தவணை தவறக்கூடாத பணிக்கு. நம் துறையில் 1990களில் நடந்த இஸ்லாமியத் தமிழிலக்கியக் கருத்தரங்குகளின் உரைகள் வி.எச்.எஸ். கேசட்டுகளில் உள்ளன. பேசியவருள் பலர் இன்று நம்மிடையே இல்லை. அவ்வுரைகளைக் கணிப்பொறிக்கு மாற்றும் பணியில் மாணவர் சிலர் ஈடுபட்டுள்ளனர். ஒரு மணிநேரக் கேசட்டை மாற்ற ஒரு மணிநேரம் ஆகியே தீரும். எந்த எண்ணாலும் அதனைக் குறைக்க இயலாது. நாடா எவருக்காகவும் நில்லாது. நொடிக்கு 25 பிரேம்கள் வந்துகொண்டே இருக்கும். கணிப்பொறி ஒருகணம் வேறு வேலைக்குத் திரும்பினால் சில பிரேம்கள் விடுபடும். உரையில் ஒரு சொல் அறுபடும். பழைய நாடாவை மறுமுறை ஓட்டினால் அது தேயும், சில வேளை அறுந்தும் போகும். இத்தகைய பதிவுப்பணிக்கு அபவ் நார்மல் அல்லது ஹை கொடுப்பது தகும். அவ்வேளையில் வேறு நிரல்களை மூடி வைப்பதும் தகும்.

ரெண்டரிங் அவ்வாறன்று. ஒரு பிரேம் சற்றுத் தாமதித்தால் எதுவும் விடுபடுவதில்லை. அடுத்த கணம் செய்துகொள்ளும். ஆகவே மற்ற வேலையும் நடக்க வேண்டிய கணிப்பொறியில் ரெண்டரிங்கை பிலோ நார்மலுக்கு இறக்கிவிட்டு, அதே கணிப்பொறியில் ஒப்படைப்புக் கட்டுரையைத் தட்டச்சு செய்யலாம். தட்டச்சு செயலகத்தைத் தொடுவது நொடிக்குச் சில கணமே. ரெண்டரிங் இழப்பது மிகச் சிறிது. தட்டச்சு செய்பவரோ தடையே உணரார்.

செய்முறை எளிது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். டீடெயில்ஸ் பக்கத்தில் உரிய நிரலின் பெயர்மீது வலப்பொத்தானை அழுத்தி, செட் பிரையாரிட்டி என்பதில் தேர்ந்தெடுக்கலாம். நிரலை மூடித் திறந்தால் பழைய நிலை திரும்பிவிடும். எடிட்டிங் நிரல் ஒன்றாகவும் ரெண்டர் செய்யும் நிரல் வேறாகவும் இருப்பதுண்டு. அடோபி பிரீமியரில் வரிசைக்கு அனுப்பிய வேலையை மீடியா என்கோடர் என்னும் தனி நிரலே செய்கிறது. பிரீமியரின் முன்னுரிமையை மாற்றிவிட்டுப் பயனை எதிர்பார்ப்பவர், ஓட்டுநரை விட்டு நடத்துநரை விரட்டுபவராவார்.

ஓர் எச்சரிக்கையும் இங்கு வேண்டும். 2021ஆம் ஆண்டின் இறுதி முதல் இன்டெல் நிறுவனத்தின் பல செயலகங்களில் வல்லமை மிக்க கோர், சிக்கனக் கோர் என இருவகை கலந்துள்ளன. அவற்றில் முன்னுரிமை குறைந்த பணியை விண்டோஸ் சிக்கனக் கோர்களுக்கே ஒதுக்கிவிடுவதுண்டு. அப்போது ரெண்டரிங் பெரிதும் மெலிந்துவிடும். அத்தகைய கணிப்பொறியில் நார்மல் நிலையிலேயே விட்டுவிடுதல் நன்று.

விரைவு எங்கே ஒளிந்திருக்கிறது?

ரெண்டரிங் ஓடும்போது டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைச் சில நிமிடம் உற்றுநோக்க வேண்டும். செயலகம் நூற்றுக்கு நூறு உழைக்கிறது, அதில் ஏறத்தாழ முழுவதும் ரெண்டரிங்கே எனில் முன்னுரிமையால் பயனில்லை. செயலகம் நூறு, ரெண்டரிங்கின் பங்கோ எழுபது எனில், மீதி முப்பதை உண்பவர் யாரெனக் கண்டு நிறுத்த வேண்டும். பெரும்பாலும் வைரஸ் தடுப்பு நிரலாகவோ பிரவுசராகவோ இருக்கும். செயலகம் நாற்பதில் சோம்பியிருக்க ஹார்ட் டிஸ்க் நூறைத் தொட்டு நிற்கிறதெனில் நோய் அங்கேதான்.

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஆலைகளில் உழைத்துவரும் நம் மாணவர்தம் தந்தையர்க்கு இது புதிதன்று. பெயின்ட் பிரிவு மெதுவாக ஓடினால் அசெம்பிளியில் எத்துணை விரைந்தும் வண்டி வெளிவராது. நான்கு படப்பெட்டிகளின் காட்சி, ஒவ்வொன்றும் நொடிக்கு 100 மெகாபிட் எனில், நொடிக்கு 50 மெகாபைட் படிக்க வேண்டும். யூ.எஸ்.பி. 2.0 இணைப்பின் ஏட்டளவிலான உச்சமே நொடிக்கு 60 மெகாபைட்தான். நடைமுறையில் அதுவும் கிட்டாது. பென்டிரைவிலிருந்து நேரே ரெண்டர் போடுபவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலேயே நான்கு கோப்புகளைப் படித்து அதிலேயே ஐந்தாவதை எழுதச் செய்தால், அதன் முள் அங்குமிங்கும் அலைந்தே காலம் கழியும். மூலக்காட்சி ஒரு வட்டிலும் ஆகும் கோப்பு மற்றொரு வட்டிலும் இருந்தால் நிலை மாறும். எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கப் புதுக் கணிப்பொறியின் விலையில் சிறுபகுதியே ஆகும்.

வெப்பமும் ஒரு தடை. செயலகம் மிகச் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உயர்ந்த மேட்டுநிலத்தில் உள்ள ஓசூரில் மார்கழி மாதத்தில் நன்கு ஓடிய மடிக்கணினி, கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் மூடிய அறையில் தளர்வது இதனால்தான். விசிறியில் அடைந்த தூசியைத் துடைப்பதும், மெத்தைமேல் வைக்காமல் மேசைமேல் வைப்பதும், பேட்டரியில் ஓட்டாமல் மின்னிணைப்பில் ஓட்டுவதும் காசு செலவில்லாத மருந்துகள்.

படச்சுருக்கத்துக்கென்றே தனி உறுப்பு உடைய செயலகங்களும் உண்டு. இன்டெல் 2011இலும் என்விடியா 2012இலும் இத்தகைய உறுப்பைத் தம் சில்லுகளில் அமைத்தன. ரெண்டர் அமைப்பில் ஹார்ட்வேர் என்கோடிங் என்பதைத் தேர்ந்தெடுத்தால் பலருக்குப் பெருமளவு காலம் மிச்சமாகும். அதே அளவுக் கோப்பில் தரம் சற்றுக் குறையக்கூடும் என்பதால், அசைவு மிகுந்த காட்சிகளுக்குக் கோப்பின் அளவைச் சிறிது கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவற்றுள் எது தம் கணிப்பொறிக்குப் பொருந்தும் என்பதை ஊகத்தால் முடிவு செய்யாமல் அளந்து பார்க்க வேண்டும். அலங்காரம் நிறைந்த ஒரு நிமிடத் துண்டை எடுத்து, முன்னுரிமை நார்மலில் மூன்று முறை, ஹையில் மூன்று முறை, வட்டை மாற்றி மூன்று முறை, ஹார்ட்வேர் என்கோடிங்கில் மூன்று முறை ரெண்டர் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இத்தனைக்குப் பின்னும் புதுக் கணிப்பொறி தேவை என்றே தெரிந்தால், அவ்வெண்களைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்க. கடைக்காரர் காட்டும் கணிப்பொறியிலும் அதே ஒரு நிமிடத் துண்டை ஓட்டிக் காட்டுமாறு கேட்கலாம்.